கைதட்டினால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடுமா?



இப்போது பல பள்ளிகளில் ஆங்கிலக் கூட்டுச்சொற்களைக் கைதட்டி அசை பிரிக்கச் சொல்கிறார்கள். 'பிளாக்', 'போர்டு': இரண்டு தட்டு, இரண்டு அசை, முழு மதிப்பெண். எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. உயிரை விட்டுவிட்டு உடம்பைக் கூறுபோடும் பாடம் இது.

தமிழில் 'பெரிய அப்பா' வேறு, 'பெரியப்பா' வேறு. சேர்ந்தால்தான் உறவுமுறை. நாம் புணர்ச்சியால் காட்டுவதை ஆங்கிலம் அழுத்தத்தால் காட்டுகிறது. 'கிரீன்' என்பதை அழுத்தி 'கிரீன்ஹவுஸ்' என்றால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். அழுத்தம் 'ஹவுஸ்' மீது விழுந்தால் வெறும் பச்சை நிற வீடு. இரண்டிலும் அசை இரண்டுதான். கைதட்டலில் இந்த வேறுபாடு எங்கே தெரிகிறது?

பிரிப்பதையாவது காதால் கேட்டுப் பிரிக்கிறோமா? எழுத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம். நாம் 'கப்போர்டு' என்பதை ஆங்கிலேயர் ஏறக்குறைய 'கபட்' என்கிறார்கள். முதல் அசை வலுத்தது, இரண்டாவது தேய்ந்தது. அழுத்தம் தெரியாத பிள்ளைக்கு இந்தத் தேய்வு எப்படிப் புரியும்?

மெரியம்-வெப்ஸ்டர் அச்சு அகராதியில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகளைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. வரி முடிவில் சொல்லை எங்கே உடைத்து எழுதலாம் என்பதற்கான புள்ளிகள் அவை. உச்சரிப்பை அருகில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதில் மேலே நிற்கும் சிறு கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கு அடுத்த அசையில்தான் அழுத்தம்.

"எல்லாக் கூட்டுச்சொல்லிலும் முதல் பகுதிக்குத்தான் அழுத்தமா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான், எப்போதும் அல்ல. 'ஆப்பிள் கேக்' என்பதில் ஆப்பிளுக்கு, 'ஆப்பிள் பை' என்பதில் பைக்கு. 'ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்' என்பதில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு, 'ஆக்ஸ்ஃபோர்டு ரோடு' என்பதில் ரோடுக்கு. அதனால்தான் விதியை ஒப்பிக்க வைத்தால் போதாது, கேட்க வைக்க வேண்டும் என்கிறேன்.

"நாம் என்ன வெள்ளைக்காரர்களா?" என்பது அடுத்த கேள்வி. வேண்டாம், நம் பேச்சுச் சாயல் அப்படியே இருக்கட்டும். நாக்கைச் சுழற்றிப் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஆனால் அழுத்தம் அலங்காரம் அல்ல, அது பொருள். இடம் மாறினால் நேர்முகத் தேர்வில் நம் பிள்ளை சரியான சொல்லைச் சொல்லியும் எதிரில் இருப்பவர் "என்ன?" என்று கேட்பார். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அறிவு குறைந்ததால் அல்ல, நாம் சொல்லிக்கொடுக்காததால்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைதட்டச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு தட்டு மட்டும் பலமாக விழட்டும். எது என்பதைப் பிள்ளை காதால் கண்டுபிடிக்கட்டும்.