பூட்டிய கோப்புகளும் பாதி விலைச் சாவியும்

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையின் வடிவம் முன்பெல்லாம் கட்டத்தாளில் வரையப்பட்டது. அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் தறியில் பார்டரும் முந்தியும் உருப்பெறும். இன்று வரையும் வேலை கணினிக்குப் போய்விட்டது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்னறையில் ஒரு மேசைக் கணினியை வைத்துக்கொண்டு வடிவம் வரைந்து கொடுப்பவர்களில் ஒருவர் என் பழைய மாணவர். ஒரு நாள் காலையில் அவருடைய ஆறாண்டு உழைப்பு முழுவதும் திறக்க முடியாததாகக் கிடந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் அறிமுகமில்லாத நான்கு எழுத்துகள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 980 டாலர் தந்தால் சாவி கிடைக்கும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடியைத் திருடர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இது ரான்சம்வேர் எனப்படும் பணயப் பறிப்பு நிரல். நமது நாளிதழ்களில் இடம்பெறுபவை பெரிய நிகழ்வுகள் மட்டுமே. 2017 மே மாதத்தில் வான்னாகிரை உலகைச் சுற்றியபோது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் முடங்கின. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை பல நாள்கள் காகிதத்துக்குத் திரும்பியது. 2024 ஜூலை இறுதியில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டதால், கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் தடைப்பட்டது. வீட்டுக் கணினிகளைப் பதம் பார்ப்பது வேறொரு குடும்பம். 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் அதற்குப் பெயர். என் மாணவரிடம் வந்தது அதுதான்.

அது நுழையும் வாயில் பெரும்பாலும் ஒன்றே. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டு உடைக்கப்பட்ட இலவசப் பிரதி. ஆண்டுச் சந்தா ஒரு மாத வருமானத்தை விழுங்கும் என்றால், சந்தையில் திருட்டுப் பிரதி தோன்றத்தான் செய்யும். 'இதை நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள்' என்று அந்தப் பிரதி கேட்டுக்கொள்ளும், நாமும் கீழ்ப்படிவோம். பின்னர் விண்டோஸ் புதுப்பிப்பு நடப்பதுபோல் ஒரு போலித் திரை ஓடும். அதற்குப் பின்னால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். முதலில் இணையத்தைத் துண்டித்து, பென்டிரைவையும் வெளி வன்தட்டையும் கழற்ற வேண்டும். மிரட்டல் குறிப்பைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் கணினியை 'ஃபார்மட்' செய்யக் கடைக்காரரிடம் கொடுப்பதுதான் நம்மவர் வழக்கம். பூட்டிய கோப்புகளுக்கு என்றாவது சாவி கிடைக்கும் வாய்ப்பையும் அது அழித்துவிடுகிறது. அவற்றைத் தனி வன்தட்டில் பிரதியெடுத்து ஓரமாக வைத்த பிறகே நிரலை நீக்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபென்டரில், கணினி முழுமையாக இயங்கத் தொடங்கும் முன்பே சோதிக்கும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' வசதி இருக்கிறது. ஆனால் நிரலை நீக்குவதும் கோப்பைத் திறப்பதும் வெவ்வேறு வேலைகள். திருடனை வெளியேற்றினாலும் அவன் போட்ட பூட்டு அப்படியே இருக்கும்.

எந்தக் குடும்பத்து நிரல் என்று கண்டறிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளம் உதவும். 2016இல் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய இலவசச் சேவை இது. பூட்டிய கோப்பு ஒன்றையும் மிரட்டல் குறிப்பையும் பதிவேற்றினால், பூட்டின் வகையையும் அதற்குச் சாவி உண்டா என்பதையும் சொல்லும். டிஜேவியு, தன் எஜமானரின் சர்வரோடு தொடர்புகொள்ள முடியாதபோது பொதுச்சாவி ஒன்றைப் பயன்படுத்தும். அப்போது குறிப்பிலுள்ள அடையாள எண் 't1' என்பதற்கு இணையான எழுத்தும் எண்ணுமாக, அதாவது 'டி-ஒன்று' என முடியும். அத்தகைய பூட்டுகள் சிலவற்றை எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 முதல் வழங்கிய கருவி திறக்கும். தேடுபொறியில் கண்ட கருவியை எல்லாம் இறக்கிவிடக் கூடாது. 2020இல் இதே நிரலுக்கான மீட்புக் கருவி என்ற வேடத்தில் வந்த 'ஸோராப்', ஏற்கெனவே பூட்டிய கோப்புகளை இரண்டாம் முறை பூட்டியது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த நிரலோடு கடவுச்சொல் திருடும் நிரலும் சேர்ந்தே வருவதுண்டு. ஆகவே வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்ற வேண்டும்.

பணம் கொடுத்துவிடலாமா? 490 டாலர் என்பது நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆறாண்டு உழைப்புக்கு அது மலிவு என்று என் மாணவர் கணக்கிட்டார்; தனி ஒருவரின் கணக்காக அதில் பிழை காண்பது கடினம். ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் கேட்க இங்கு நீதிமன்றம் இல்லை. கொடுக்கும் பணம் அடுத்த தெருவில் நடக்கப்போகும் கொள்ளைக்கு முதலீடாகவும் ஆகிறது. நான் வேண்டாம் என்றேன். இழப்பு என்னுடையதல்ல என்பதால் சொல்வது எளிதாக இருந்தது.

1930 என்ற எண்ணிலும் தேசிய இணையக் குற்றத் தளத்திலும் புகார் அளிக்கலாம், அளிக்கவும் வேண்டும். ஆனால் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த, ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை நிறுவனங்களையும் அரசு அமைப்புகளையும் பற்றியது. முன்னறைக் கணினி அதன் கணக்கில் வராது. நெசவுத் தொழிலின் மூலதனமோ இன்று அத்தகைய கணினிகளில்தான் இருக்கிறது. தறிக்கும் பாவுக்கும் கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்கள், உறுப்பினர்களின் வடிவங்களுக்கு இணையத்தோடு இணையாத ஒரு பிரதியை வைத்திருக்கலாம். காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் உண்டு. அங்கும் இதைத் தொடங்கலாம். ஆகும் செலவு சில வன்தட்டுகளும், வாரத்துக்கு ஒரு நாள் ஓர் ஊழியரின் நேரமும்தான்.

என் மாணவரின் அடையாள எண் அந்தப் பொதுச்சாவி வகையைச் சேர்ந்ததல்ல. எனினும் டிஜேவியு ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது. சுருக்கப்படாத பிட்மேப்பாகச் சேமித்திருந்த பெரிய முந்தி வடிவங்களின் மீதிப் பகுதியை விவரம் அறிந்த நண்பர் ஒருவர் மீட்டுத் தந்தார். சில, வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய படங்களாகக் கிடைத்தன. மற்றவற்றுக்காக அவர் நெசவாளர் வீடுகளுக்குச் சென்றார். பரண்மீது கட்டிவைத்திருந்த பழைய அட்டைக் கட்டுகளை இறக்கி, துளை துளையாகப் படித்து, இப்போதும் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்.