உளூச் செய்யும்போது பாதங்களையும் பார்ப்போம்

சென்ற ஆண்டு ஒரு நாள், லுஹர் ஜமாஅத் முடிந்தபின் எம் மஹல்லா பள்ளிவாசலின் விரிப்பில் சிறு இரத்தக் கறையைக் கண்டோம். முன் ஸஃப்பில் திக்ர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரின் குதிகாலில் சிற்றாணி ஒன்று ஏறியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. "வலிக்கவில்லையே, ஹஜ்ரத்" என்றார். நெடுநாள் சர்க்கரை நோயாளியான அவர், வலிக்காததை நல்ல செய்தியாகவே எண்ணியிருந்தார்.

உண்மையில் அதுவே ஆபத்து. பல்லாண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது; காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களையும் அடைக்கிறது. செருப்புக் கடியோ முள்ளோ கொதிநீரோ உணரப்படுவதில்லை. அதே காலை ஊன்றி நடக்க நடக்க, உடலின் எடை புண்ணை நசுக்கிக்கொண்டே இருக்கிறது. கிருமி எலும்புவரை இறங்கிய பின்னரே பலர் மருத்துவரைத் தேடுகின்றனர். அதற்குள் மஞ்சளும் எண்ணெயும் கடையில் கேட்டு வாங்கிய களிம்பும் பூசி வாரங்கள் கழிந்திருக்கும்.

கட்டுப் போடுவது மட்டும் சிகிச்சை ஆகாது. இறந்த சதையை நீக்குதல், இரத்த ஓட்டத்தைச் சோதித்தல், கிருமித் தொற்று இருந்தால் மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றோடு, புண்பட்ட இடத்தில் எடை விழாமல் காத்தல் இன்றியமையாதது. நம்மவர்கள் மிகவும் அலட்சியம் செய்வது இந்தக் கடைசி ஒன்றைத்தான். காலையில் கட்டுப் போட்டுவிட்டு மாலையில் திருமண வீட்டில் நின்று விருந்து பரிமாறினால் புண் எவ்வாறு ஆறும்?

சிலர் இதனை ஸப்ரு என்கின்றனர். உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் கால் துண்டிக்கப்பட்ட வரலாற்றை நாம் பயான்களில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வந்திருக்கிறோம். நோய் மேலேறுமுன் காலை அகற்ற வேண்டும் என்ற மருத்துவர்களின் சொல்லை அவர்கள் ஏற்றதும் அதே வரலாற்றில் உள்ளது. அதனைச் சொல்லாமல் விட்டது நம் குறையே.

மற்றொரு தயக்கம் உளூவைப் பற்றியது. கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவினால்தான் தொழுகை கூடும் என எண்ணி, நாளுக்கு ஐந்து முறை நனைப்போர் உண்டு. தலையில் காயமுற்ற ஒருவருக்குத் தயம்மும் சலுகை இல்லை என உடன் சென்றோர் கூற, அவர் குளித்து இறந்துபோன செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அறியாமல் தீர்ப்புச் சொன்னோரை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். நீர் தீங்கு செய்யும் எனில் கட்டின் மீது மஸஹு செய்ய வழியுண்டு. அத்துடன் தயம்மும் வேண்டுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். இருப்பில் மடக்கப்படும் விரல்களில் புண் இருந்தால் நாற்காலியில் அமர்ந்து தொழவும் தயங்க வேண்டாம்.

புண் இல்லாதவர்களுக்கு உளூவே நல்ல வாய்ப்பு. குதிகாலை நனையாமல் விடுவது பற்றிய எச்சரிக்கையும், விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவும் ஸுன்னத்தும் நாம் பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே கற்பிப்பவை. கழுவும் கை அங்கே கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், சூடு உள்ளதா எனவும் பார்க்கட்டும். பின் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் அங்கே தோல் வெடிக்கும். செருப்பை அணியுமுன் உதறுங்கள். நண்பகலில் கொதிக்கும் பள்ளி முற்றத்தில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். நிர்வாகிகள் அங்கே ஒரு பாய் விரித்து, ஹவுழ் அருகே சாய்வுள்ள இருக்கை இரண்டு போட்டால் பெரிய செலவு ஆகிவிடாது.

அந்தப் பெரியவரின் புண் ஆற நான்கு மாதங்கள் பிடித்தன. இப்போது இஷாவுக்குப் பின் அவருடைய பேத்தி ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து அவருடைய உள்ளங்கால்களை அவருக்கே காட்டுகிறாள்.