பகுத்தறிவின் ஆட்சி எதுகாறும்?

பகுத்தறிவு என்னுஞ் சொல் நம்மிடையே பெரிதும் வழங்குவது. மேடையேறுவோருட் சிலர் அதனைப் போற்றி முழங்குவர். வேறு சிலர் அதனைத் தூற்றி முழங்குவர். இருதிறத்தாரும் அச்சொல்லால் ஒரு பொருளையே குறிக்கின்றனரோ எனின், இல்லை. அச்சொற்கு இருவேறு பொருளுண்டு. அவற்றைப் பிரித்தறியாமையே வீண்வழக்குப் பலவற்றிற்கு வித்தாயிற்று.

பழக்கம் பற்றியாதல், பெரியார் கூற்றென்பது பற்றியாதல் ஒன்றனை ஏலாது, காரணம் வினாவித் தெளியும் மனப்பான்மை ஒன்று. உலகின் அடிப்படை உண்மைகளைப் புலன்களை நம்பாமல் அறிவு தன்னிடத்திருந்தே பெறவல்லது என்னுந் தத்துவக் கொள்கை மற்றொன்று. பின்னதனைப் பதினேழாம் நூற்றாண்டில் மேனாட்டில் நிலைநாட்ட முயன்றோர் டெக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் என்னும் மூவர். முன்னது என்றும் போற்றற்குரியது. பின்னது திருத்தி ஏற்றற்குரியது. அத்திருத்தமும் முன்னதன் கையாலேயே நிகழ்ந்ததென்பது எமது கருத்து.

1596ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்திற் பிறந்த டெக்கார்ட், தாம் கற்ற கல்வியிற் கணிதமொன்றே ஐயமற நிற்கக் கண்டார். ஏனைய அறிவும் அவ்வாறே உறுதி பெறல் வேண்டுமென விழைந்தார். ஆதலின், ஐயுறற்குரிய யாவற்றையும் ஒருமுறை ஐயுற்று விலக்கினார். கண்டன கனவாயிருக்கலாம், கணக்கினும் நாம் ஏமாற்றப்படலாம். ஆயினும், ஐயுறுகின்ற தாம் உளர் என்பதனை மட்டும் அவரால் ஐயுறவியலவில்லை. அவ்வொரு கல்லின்மேலேயே தம் மாளிகை முழுவதையும் எழுப்பத் துணிந்தார்.

இத்துணிவினும் வியக்கத்தக்கது அவர் செய்த மற்றொரு செயல். 1641இல் தம் தியானங்கள் என்னும் நூலை வெளியிட்டபோது, ஹாப்ஸ், ஆர்னோ, கசெண்டி முதலிய அறிஞர் எழுப்பிய மறுப்புரைகளையும், அவற்றிற்குத் தம் விடைகளையும் அந்நூலோடு சேர்த்தே அச்சிட்டார். தம் பகைவர் குரலைத் தம் இல்லத்துள்ளேயே ஒலிக்கவிடுதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

ஆயினும், அவரைக் கூரிய வினாவால் மடக்கியவர் அவ்வறிஞரல்லர். நாடிழந்து ஆலந்தில் வாழ்ந்த போகீமிய இளவரசி எலிசபெத்து. அவர்க்கு அப்பொழுது வயது இருபத்து நான்கு. உயிர் நினைப்பது மட்டுமே, இடங்கொள்ளாதது: உடல் இடங்கொள்வது மட்டுமே, நினையாதது. இஃது டெக்கார்ட் கொள்கை. அங்ஙனமாயின், இடங்கொள்ளாத உயிர் இடங்கொள்ளும் உடலை எவ்வாறு அசைக்கும்? 1643ஆம் ஆண்டு மே மாதத்தில் இளவரசியார் இதனைக் கடிதவாயிலாக வினவினர். தம் நூல்களைப் படித்தோர் நியாயமாகக் கேட்கத்தக்க வினா இதுவேயென ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அவர் விடுத்த விடைகளோ இளவரசியார்க்கு நிறைவு தரவில்லை. நிறைவு தரவில்லையென்பதனை அவர் மறைக்கவுமில்லை. இறுதியில் டெக்கார்ட், உயிரும் உடலும் ஒன்றியிருத்தலை நுண்ணிய ஆராய்ச்சியாலன்றி அன்றாட வாழ்க்கையாலேயே உணர்கின்றோம் என்றெழுதினார். அறிவொன்றே போதுமென்றவர் அனுபவத்தைத் துணைக்கழைத்தது இவ்விடத்திலேயாம்.

மறு ஆண்டில், 1644இல், தத்துவத்தின் மூலங்கள் என்னும் தம் பெருநூலை அவர் அவ்விளவரசியார்க்கே காணிக்கையாக்கினார். தம்மை மடக்கினாரைப் போற்றிய பெருந்தகைமை அது. ஆயின், அந்நூலிலேயே அவர்தம் கொள்கையின் குறைபாடும் வெளிப்பட்டது. சிறிய பொருளொன்று எத்துணை விரைவோடு வந்து மோதினும், அசையாதிருக்கும் பெரிய பொருளை நகர்த்தாது என்பது அவர் அதிற் கூறிய விதிகளுள் ஒன்று. கோலியாடுஞ் சிறுவனும் இதனை மறுப்பான். டெக்கார்ட்டோ, அனுபவம் மாறாகத் தோன்றினும் புலன்களினும் பகுத்தறிவையே மிகுதியாக நம்பக் கடவோம் என்னுங் கருத்தைப் பின்னர் வெளிவந்த பிரெஞ்சுப் பதிப்பிற் சேர்த்தார். ஹைகன்ஸ் என்பார் 1669இல் செவ்விய விதிகளை வெளியிட்டனர். பிழை பகுத்தறிவினதன்று, தன் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு இல்லையென்று அது செருக்குற்றமையே பிழை.

அங்ஙனமாயின், கண்டதே கொள்கையெனப் புலன்களிடம் சரண்புகுதும் என்பாருமுளர். அதுவும் பொருந்தாது. ஞாயிறு நம்மைச் சுற்றுவதாகவே கண் காட்டுகின்றது. அறிவன்றோ அதனைத் திருத்திற்று? வானநூலிலிருந்தே மற்றுமோர் உதாரணம் காட்டுவாம். யுரேனஸ் என்னுங் கிரகம் கணித்த வழியிற் செல்லாது பிறழ்ந்தது. அதற்கப்பால் யாருங் காணாத கிரகமொன்று அதனை இழுத்தல் வேண்டுமெனப் பாரிசு நகரத்து லெவெரியர் கணித்து, அஃதிருக்கும் இடத்தையுங் குறித்தார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாளிரவு, பெர்லின் வானிலையத்திற் கால்லே தொலைநோக்கியைத் திருப்ப, குறித்த இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளேயே அது காணப்பட்டது. அதுவே நெப்டியூன். கண் காணாததனைக் கருத்து முன்னரே கண்டது.

கதை இவ்வளவோடு நின்றதேல் டெக்கார்ட் வென்றாரெனலாம். ஆயின், அது நின்றபாடில்லை. புதனுடைய இயக்கத்திலும் ஒரு சிறு பிறழ்ச்சி கண்ட லெவெரியர், ஞாயிற்றுக்கு அணித்தே மற்றொரு கிரகம் உண்டென 1859இல் முடிவு செய்தார். அதற்கு வல்கன் என்று பெயரும் வழங்கிற்று. பலர் பன்னாள் தேடினர், கிரகம் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் வகுத்த புதிய ஈர்ப்புக் கொள்கையே அப்பிறழ்ச்சிக்குக் காரணங் காட்டிற்று. கணித்தவர் ஒருவரே; கணித்த முறையும் ஒன்றே. ஒருமுறை மெய்யும் ஒருமுறை பொய்யும் விளைந்தன. இரண்டனையும் வேறுபடுத்தியது யாது? வானத்தை நோக்கிய கண்ணேயன்றோ?

எனவே, புலன்கள் சாட்சிகள், பகுத்தறிவு நீதிபதி. சாட்சியின்றி நீதிபதி தீர்ப்பெழுதலாகாது. சாட்சி தானே தீர்ப்பெழுதவுமாகாது. புலன் தருவதும் அறிவு அமைப்பதும் கூடியவழியே உலகறிவு பிறக்குமென 1781இல் வெளிவந்த தம் பெருநூலிற் காண்ட் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் நிறுவ முயன்றதும் இக்கருத்தினோடு இயைவதே. நம் சைவநூலாரும் காட்சி, கருதல், உரை என அளவை மூன்று வகுத்தனர். அளவை பலவென்று எண்ணினார், அவற்றுள் ஒன்று தவறுங்கால் மற்றொன்று திருத்துமென்பதனை உணர்ந்திருப்பர் போலும்.

மாணவ நண்பர்களே! இவையெல்லாம் பழங்கதையென்று தள்ளற்க. டெக்கார்ட் யாவற்றையும் ஐயுற்றார் என்பதனைக் குறிப்பேட்டினின்றும் நெட்டுருப்பண்ணி, ஒரு சிறிதும் ஐயுறாது தேர்விலெழுதி மதிப்பெண் பெறுகின்றோம். இதனினும் அவர்க்கு நாம் இழைக்கும் அவமதிப்பு வேறுண்டோ? அவ்வாறே, மேடையிற் பகுத்தறிவைப் புகழ்ந்து, அவையிலொருவர் எழுந்து வினவியவழிச் சினந்தமர்த்துவாரும் அதனை அறிந்தவராகார். அவர்கள் பழைய குருவை இறக்கிப் புதிய குருவை ஏற்றினரேயன்றிப் பீடத்தை அகற்றிலர்.

பகுத்தறிவுடையான் யாரெனின், பிறரை மிகுதியாக வினவுவானல்லன். தன்னைப் பிறர் வினவுதற்கு இடங்கொடுப்பானே. எலிசபெத்தின் வினா இன்றுவரை முற்றும் விடுபட்டதன்று. உள்ளத்திற்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் இன்றும் அதனோடு மல்லாடுகின்றனர். வினவ அஞ்சாத ஒருவரும், வினாவை வெறாத ஒருவரும் எதிர்ப்பட்டமையானன்றோ அவ்வினா நமக்குக் கிடைத்தது? நம் வகுப்பறைகளிலும் அத்தகைய மாணாக்கரும் அத்தகைய ஆசிரியரும் எதிர்ப்படுவராக. அந்நாளிற் பகுத்தறிவைப் பற்றிக் கட்டுரை வரையவேண்டிய தேவையும் குறையும்.