கரகரப்பிரியாவின் கதவு எண்



இரவு ஒன்பதரை ஆகிவிட்டால் என் கைப்பேசி ஓயாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. எங்களுக்கு வேலை ஒன்றுதான்: சங்கீதப் புதிர். ஒருவர் போடுவார், மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். கூகுளைத் தொடக்கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறோம். அதை யாரும் மீறுவதில்லை என்று இன்னொரு சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

முத்திரைக் கேள்விகள் எங்களுக்கு அவல். ‘குருகுஹ’ என்றால் தீட்சிதர், ‘ராமதாசன்’ என்றால் பாபநாசம் சிவன். அரை நிமிடத்தில் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். ஆனால், போன வாரம் வீணை டீச்சர் போட்ட புதிர் இரண்டு நாள் ஓடியது. “கரகரப்பிரியா எத்தனையாவது மேளகர்த்தா? மனப்பாடமாச் சொல்லக்கூடாது. கடபயாதியில கணக்குப் போட்டுக் காட்டணும்.”

பழக்கமில்லாதவர்களுக்காக: 72 மேளகர்த்தா ராகங்களுக்கும் எண் அவற்றின் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. க, ட, ப, ய நான்குக்கும் 1. அங்கிருந்து எழுத்துகளை வரிசையாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குக் கிடைக்கும் இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் எண். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1. 51-ஐத் திருப்பினால் 15. கல்யாணிக்கு முன்னால் ‘மேச’வும், சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’வும் ஒட்டிக்கொண்டது இந்தக் கணக்கில் 65, 29 என்று வரவேண்டும் என்பதற்காகத்தான்.

முதலில் விடை அனுப்பியவர் ஓய்வுபெற்ற தபால்காரர் அண்ணா. “க 1, ர 2. திருப்பினா 21.”

“22” என்றார் டீச்சர்.

“எப்படிம்மா? நாற்பது வருஷம் கதவு எண் பார்த்துக் கடிதாசு கொடுத்தவன் நான்.”

அண்ணா சொன்ன 21-ஆம் எண் வீட்டில் இருப்பவர் கீரவாணி. கீ 1, ர 2. அதிலும் பிசகில்லை. அப்படியானால் கரகரப்பிரியா எங்கே போவது? ஒருவர் அச்சுப்பிழை என்றார். இன்னொருவர், தொண்டை கட்டியவர்களுக்குப் பிரியமான ராகம் என்பதால் எண்ணும் கரகரக்கிறது என்றார். மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது தொண்டைக் கரகரப்பு இல்லை; இராமாயணத்துக் கரன். அவனை வதைத்தவனுக்குப் பிரியமானது என்று பொருள். அந்தக் ‘க’, வடமொழியில் இரண்டாவது ‘க’. அதற்கு மதிப்பு 2. வடமொழியில் நான்கு எழுத்துகள் செய்யும் வேலையைத் தமிழில் ஒரே ‘க’ தலையில் கட்டியிருக்கிறோம். அந்த எழுத்துகளை வைத்துச் செய்த பூட்டில் நம்முடைய சாவியைப் போட்டால் அடுத்த வீடுதான் திறக்கும்.

அடுத்த வீடு என்று சும்மா சொல்லவில்லை. மேளகர்த்தாக்கள் சக்கரத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் குடியிருக்கின்றன. 21, 22 இரண்டும் நான்காவது சக்கரம். ஸ ரி க ம ப வரை இரண்டுக்கும் ஒரே பாதை. தைவதமும் நிஷாதமும்தான் வேறு. இதைச் சொன்னதும் அண்ணா எழுதினார்: “அப்போ நான் தெரு மாறிப் போகலை.”

கூட்டெழுத்துகளின் வம்பு தனி. ரத்னாங்கியில் ‘த்ன’வின் பின்னெழுத்தை எண்ணினால்தான் 2 வரும், சக்ரவாகத்தில் ‘க்ர’வின் முன்னெழுத்தை எண்ணினால்தான் 16 வரும். விதி எது, விலக்கு எது என்ற சண்டை குழுவில் இன்னும் ஓயவில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கும் ஒன்று. பூர்விகல்யாணியின் தாய் ராகம் கமனாச்ரமம். தமிழ் எழுத்தை நம்பி எண்ணினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? கச்சேரியில் அந்த வீட்டுக்காரரையும் பூர்விகல்யாணியையும் ஒரு தடவையாவது குழப்பிக்கொள்ளாத ரசிகர் அபூர்வம்; இருவருக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு ஸ்வரம். வீட்டுக்காரர் பெயரையும் அந்த ஸ்வரத்தையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அட்டைகளை முதலில் படிக்கப்போவது நானில்லை. தபால்காரர் அண்ணா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்புடன்,
ஆசிரியர்