மொச்சைக்கும் கொஞ்சம் இருட்டு வேணும்

போன ஆடி மாசம் எங்க ஊர் விலக்குல ஒரு உயர்கோபுர விளக்கு போட்டாங்க. ஒட்டன்சத்திரம் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்புற இடம். சுவிட்சைப் போட்ட அன்னைக்குப் பிள்ளைகள் எல்லாம் கீழே நின்னு கை தட்டுச்சுங்க. நானும்தான் தட்டினேன். அந்தக் கம்பத்துக்கு நேர் கீழே, வேலிக்கு இந்தப்பக்கம், என்னோட ஒரு ஏக்கர் மானாவாரி. பதினெட்டாம் பெருக்கு கழிஞ்சதும் வழக்கம்போல அதுல மொச்சை ஊன்றினேன்.

கார்த்திகையில் காடு முழுக்கப் பூத்தது. மொச்சை பூக்கிற காலத்தில் ஒரு வாசம் வரும். திண்டுக்கல்லைச் சுற்றி வளர்ந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா கம்பத்தைச் சுற்றி, என் எட்டுக்கு இருபது எட்டு தூரம், அரைவட்டமா ஒரு பூ இல்லை. செடி சாகலை, வாடலை. சொல்லப்போனா மத்த இடத்தைவிட அங்கதான் கொடி தளதளன்னு கருகருன்னு நின்னது. இலையாப் போட்டுத் தள்ளுது, பூவை மட்டும் காணோம்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. விதை கலப்படம் என்றார் ஒருத்தர். விதை என் வீட்டு அடுக்குப்பானையில் சாம்பல் போட்டு வச்ச சொந்த விதை. தழைச்சத்து கூடிப்போச்சு என்றார் மருந்துக்கடைக்காரர். நான் அந்தக் காட்டுக்கு ஆட்டுக்கிடை தவிர வேறெதுவும் போட்டதில்லை. திருஷ்டி என்றாள் என் வீட்டுக்காரி. ரோட்டோரம் தளதளன்னு நிக்கிறதால அதுக்காவது ஒரு நியாயம் இருந்தது.

எங்க பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிருச்சு. வரப்புல நின்னு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏப்பா, மோட்டார் ரூமுக்குப் பின்னாடி மட்டும் எப்படிப் பூத்திருக்கு?" என்றார். அப்பத்தான் நானும் கவனிச்சேன். விளக்கு வெளிச்சத்தில் மோட்டார் ரூமோட நிழல் எங்க நீளமா விழுதோ, அந்த நிழல் அளவுக்கு, அரைவட்டத்துக்கு உள்ளேயே ஒரு பட்டை பூத்திருந்தது. அதே மண்ணு, அதே விதை, அதே மழை. ராத்திரி போய் நின்னு பார்த்தேன். நிழலோட ஓரமும் பூவோட ஓரமும் ஒண்ணாத்தான் இருந்தது. "தூங்க விடாம வச்சிருக்கீங்க, எப்படிரா பூக்கும்?" என்றார் பெரியப்பா. விஞ்ஞானிகள் சொல்றதும் ஏறக்குறைய அதேதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்திக்கிறேன், பொறுத்துக்குங்க. நம்ம ஊர்ல ஆனி மாசம் பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியில் பதினொன்றரை. வித்தியாசம் ஒண்ணேகால் மணி நேரம்தான். லண்டன்காரனுக்கு இது ஒரு வித்தியாசமே இல்லை; அங்க கோடைக்கும் குளிருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் மாறும். ஆனா நம்ம பக்கத்துச் செடிகள் இந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிச்சுத்தான் காலண்டர் பார்க்குது. மழை ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். வெயிலும் அப்படித்தான். பகல் நீளம் மட்டும் வருஷா வருஷம் தேதி தவறாது. அதனால நாட்டு மொச்சை, பந்தல் அவரை, செவ்வந்தி, பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும், பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு நம்ம ஆளுங்க சொன்னதில் மழைக்கணக்கு மட்டும் இல்லை. கொடி நல்லா வளர்ந்து நிக்கிற நேரத்துக்கு இரவு நீளணும் என்ற கணக்கும் உண்டு. சென்னையிலிருந்து ஒரு வாசகர், சித்திரையில் மாடித்தோட்டத்தில் அவரை போட்டு ஆறு மாசமா கொடி மட்டும் ஓடுதுன்னு எழுதியிருந்தாரே, அவருக்கும் பதில் இதுதான். உரக்கடையைத் திட்டாதீங்க, ஐப்பசி வரைக்கும் பொறுங்க.

இதை முதல்ல ஒழுங்கா எழுதி வச்சவங்க கார்னர், ஆலார்டு என்ற ரெண்டு அமெரிக்கர்கள், 1920இல். அவங்களுக்கு வழி காட்டினது ஒரு புகையிலை. மேரிலாண்ட் மம்மோத் என்ற அந்த ரகம் கோடையில் ஆளுயரம் தாண்டி வளரும், பூக்காது. தினமும் கொஞ்ச நேரம் இருட்டறைக்குள்ள தள்ளிப் பகலைச் சுருக்கினாங்க, பூத்திருச்சு. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும், டவுனுக்குள்ள சுருட்டு வாசமும் உள்ள ஜில்லாக்காரனுக்கு இந்தக் கதையில் ஒரு தனி சந்தோஷம். அப்புறம் 1938இல் ஹாம்னர், பானர் என்ற ரெண்டு பேர் இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. செடி உண்மையில் அளக்கிறது பகலை இல்லை, இடைவிடாத இருட்டை. நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டினாலே போதும், செடி அதை நீண்ட இரவாக் கணக்கில் எடுக்காது. பௌர்ணமி நிலா இதுக்குப் பத்தாது. கம்பத்து விளக்கு தாராளமாப் பத்தும்.

கஞ்சாவும் இதே கூட்டத்துச் செடிதான். வெளிநாட்டுல அறைக்குள்ள வளர்க்கிறவங்க பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, பன்னிரண்டு மணி நேரம் இருட்டுன்னு மாத்தித்தான் பூக்க வைப்பாங்களாம். இங்க 1985ஆம் வருஷச் சட்டம் இருக்கிறதால எனக்கு அது படிச்ச அறிவோட சரி. மொச்சைக்கே இந்தப் பாடு.

வேடிக்கை என்னன்னா, எனக்குச் சும்மா கிடைச்ச இந்த வெளிச்சத்தைக் கிருஷ்ணகிரி பக்கம் செவ்வந்திக்காரங்க காசு செலவழிச்சு வாங்குறாங்க. ராயக்கோட்டைப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனா காடு முழுக்க பல்பு எரியும், ஏதோ திருவிழாவோன்னு நினைக்கத் தோணும். செடி உயரமா வளர்ற வரைக்கும் பூக்காம நிறுத்தி வைக்கிறதுக்கு அது. அளவு வந்ததும் பல்பை அணைச்சிருவாங்க, செடி மொட்டு எடுத்துடும். சுவிட்ச் விவசாயி கையில் இருந்தா அது தொழில்நுட்பம். சுவிட்ச் எங்கேயோ இருந்து, மாலை ஆறு மணிக்குத் தானா எரிஞ்சு காலையில் தானா அணைஞ்சா, அது எனக்கு நட்டம்.

விளக்கே வேண்டாம்னு நான் சொல்லலை. என் மகள் டவுனில் வேலை முடிச்சு ஒன்பது மணி பஸ்ஸில் வந்து அந்த விலக்குலதான் இறங்குறா. முன்னாடி நான் டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன். இப்ப அவளே நடந்து வந்துடுறா. பாம்பு, நாய், குடிச்சுட்டு நிக்கிறவன், எல்லாத்துக்கும் அந்த விளக்கு வேணும். என் ஏழெட்டு சென்ட் மொச்சையை அதுக்கு எதிரா தராசில் வச்சா நானே மகள் பக்கம்தான் நிப்பேன்.

ஆனா அந்த வெளிச்சம் ரோட்டுல விழுந்தாப் போதும். என் காட்டுக்கும் ஆகாசத்துக்கும் எதுக்கு? விளக்கு முகத்தை ரோட்டுப் பக்கம் சாய்க்கலாம். வயல் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைக்கலாம். நடுராத்திரிக்கு மேல் பாதி விளக்கை அணைக்கலாம் என்று சொல்லத் தோணும், ஆனா மேலே சொன்ன கணக்குப்படி மொச்சைக்கு அது மட்டும் பத்தாது. பாதி ராத்திரி வரை எரிஞ்சாலும் அதுக்கு நீண்ட பகல்தான். தடுப்புதான் தீர்வு. இதை எழுதி மனுக் கொடுத்தேன். வாங்கினவர் நல்ல மனுஷன்தான். படிச்சுட்டு, "விளக்கு எரியலைன்னுதான்யா மனு வரும், நல்லா எரியுதுன்னு நீ ஒருத்தன்தான் கொடுத்திருக்கே" என்றார். பக்கத்தில் இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

நகரத்து வாசகர்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு ஊருக்கு வெளிச்சம் வந்தா அது முன்னேற்றம்னு நாம எல்லாரும் சந்தேகமே இல்லாம நம்புறோம். நாலுவழிச் சாலை, டோல்கேட், வயலுக்கு நடுவில் மனைப்பிரிவு, ஆள் குடிவராத மனைக்கும் இருபது கம்பம். ரோடு போடும்போது தண்ணி எங்க வடியும்னு யாராவது கேக்குறாங்க. வெளிச்சம் எங்க வடியும்னு கேட்டு நான் பார்த்ததில்லை. வேளாண்மைத்துறைக்காரங்களும் பூக்காத வயலுக்கு வந்தா மண்ணைப் பார்ப்பாங்க, பூச்சியைப் பார்ப்பாங்க. ராத்திரி வந்து அண்ணாந்து பார்க்கிற அதிகாரியை நான் இனிமேத்தான் சந்திக்கணும்.

பகல் நீளத்தைச் சட்டை பண்ணாத ரகம் போட வேண்டியதுதானே என்பீங்க. இருக்கு. கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் குத்துச்செடி அவரை கொடுத்திருக்கு, பெங்களூர்க்காரங்க ஹெப்பாள் அவரை கொடுத்திருக்காங்க. எந்தப் பட்டத்திலும் காய்க்கும், நல்ல ரகங்கள்தான். 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லும் பகல் நீளம் பார்க்காத ரகம்தான். வருஷத்தில் எப்ப நட்டாலும் விளையும் என்றதே அதோட பெரிய பலம். அந்த நெல்லைத் தின்னு வளர்ந்தவன் அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனா பொங்கலுக்கு வைக்கிற மொச்சைக் குழம்புக்கு எங்க வீட்டுல அந்த நாட்டு மொச்சைதான் வேணும். பனியில் நனைஞ்ச காயை உரிச்சா விரலில் எண்ணெய் மாதிரி ஒட்டுமே, அந்த மணம். அதைக் கம்பத்துக்காக விட்டுக்கொடுக்க மனசு வரலை.

மார்கழிக் கடைசியில் மத்த இடத்துக் காயைப் பறிச்சு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போட்டேன். பொங்கல் வாரம், விலை பரவாயில்லை. அரைவட்டத்தில் வர வேண்டிய ரெண்டு மூட்டை வரலை, அவ்வளவுதான். கொடியை அறுத்து மாட்டுக்குப் போட்டாச்சு; மாடு ஆசையாத் தின்னுச்சு. வர்ற ஆடிக்குள்ள தகரம் வரலைன்னா அந்த ஏழெட்டு சென்ட்டில் தக்காளி போடலாம்னு இருக்கேன். தக்காளிக்கு இருட்டுக் கணக்கு கிடையாது. பெரியப்பா மட்டும், மோட்டார் ரூமை இன்னும் ரெண்டு வரி உசத்திக் கட்டிருடா, நிழல் கூடுதலா விழும்கிறார்.