துறையிறங்கி ஊர் காணல்

கடல்வழியே நாடு காணப் புறப்படுவார் பலர். அவருள் ஊர் காண்பார் எத்துணையர் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. காலையிற் கொழும்புத் துறையை அணைந்து மாலையிற் புறப்பட்டுவிடும் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கும் பயணிகளுட் பலர், கப்பற் படியின் அடியிலே காத்து நிற்கும் குளிரூட்டிய பஸ் வண்டியில் ஏற்றப்படுகின்றனர். வழிகாட்டி ஒலிவாங்கியிற் பேசுகின்றார். வண்டி நான்கு இடங்களில் நிற்கின்றது. அவற்றுள் ஒன்று தேயிலைக் கடை, மற்றொன்று மணிக்கற் கடை. மாலையில் வண்டி கப்பலடிக்கு மீள்கின்றது. எட்டு மணி நேரம் ஒரு நகரத்தில் இருந்தவர்கள், அந்நகரத்தார் ஒருவரோடேனும் ஒரு சொற் பேசாமலே கடலுக்குத் திரும்பிவிடுகின்றார்கள். இது பயணிகளுக்கும் இழப்பு, நகரத்துக்கும் இழப்பு.

துறை என்னும் சொல்லை நம் முன்னோர் ஆண்ட திறம் நினைக்கத்தக்கது. நீரில் இறங்குதற்கு ஏற்ற இடம் துறை. ஆற்றின் கரை நெடிதாயினும் எல்லா இடத்தும் இறங்குதல் இயலாது. அச்சமின்றிக் காலூன்றக்கூடிய இடமே துறையாகும். கற்கப் புகுவார்க்கு வழியாய் அமைந்த கலைப் பகுதியையும் துறை என்றனர். அகப்பொருளிலும் புறப்பொருளிலும் அமைந்த பாடற் பகுதிகளையும் துறையென்றே வகுத்தனர். ஆகவே, கப்பல் நிற்பதற்கு வேண்டிய ஆழமும் சுமை இறக்குதற்கு வேண்டிய பொறிகளும் அமைந்துவிட்டமையால் மாத்திரம் ஓரிடம் துறையாகிவிடாது. அயலான் ஒருவன் அஞ்சாது இறங்கி ஊரினுட் புகக்கூடிய வாயிலாகவும் அஃது இருத்தல் வேண்டும். அவன் உட்புகாமலே மீள்வானாயின், அவ்வூர்க்குத் துறை இருந்தும் பயனென்னை?

பழந்தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளும் காவிரிப்பூம்பட்டினத் துறையிலே குவிந்து கிடந்தமையைப் பட்டினப்பாலை கூறும். பல மொழி பேசும் அயல்நாட்டார் அப்பட்டினத்தாரோடு கலந்து இனிது வாழ்ந்தமையையும் அப்பாட்டு எடுத்துரைக்கும். இளங்கோவடிகளோ, புதிதாய் ஒரு நகரையடைந்த ஒருவன் அதனைச் சுற்றிக் காண்பதற்கென்றே ஒரு காதையை ஒதுக்கினார். மதுரையைக் கோவலன் தனியே நடந்து காணும் அப்பகுதிக்கு ஊர்காண் காதை என்பது பெயர். மதுரை கடற்கரைப் பட்டினமன்று. எனினும், ஊர் காணல் என்பது தெருத் தெருவாய் நடந்து காண்டலே என்னும் கருத்து அங்கே தெளிவாகின்றது. ஆதலின், தனித்து நடந்து நகர் காணும் பழக்கத்தை மேனாட்டார் நமக்குப் புதிதாய்க் கொணர்ந்தார் எனல் பொருந்தாது.

இந்நாட்டுத் துறைகளில் இறங்கி ஊர் கண்டோர் வரலாறும் நெடியது. 1344 ஆம் ஆண்டில் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளக் கரையில் இறங்கினார். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டபோது, சிவனொளிபாத மலைக்குச் செல்லும் வழித்துணையே தாம் விரும்புவது என்றார். அத்துணை பெற்று மலை கண்டபின், தேவேந்திரமுனை, காலி, கொழும்பு என்னும் ஊர்களின் வழியே புத்தளத்துக்கு மீண்டார். 1890 ஆம் ஆண்டு நவம்பரில் உருசிய எழுத்தாளர் செகாவ், சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியிற் கொழும்பில் இறங்கிச் சில நாள் தங்கினார், கண்டிக்கும் சென்றார். கப்பலில் இறக்கும் போர்வீரன் ஒருவனைப் பற்றிய ‘குசேவ்’ என்னும் அவர்தம் சிறுகதைக்கும் இத்தங்கலுக்கும் தொடர்புண்டு. 1896 ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவெயின் கொழும்பிற் சிறுபொழுதே தங்கினார். ஆயினும், தெருவிற் சென்ற மக்களின் ஆடை வண்ணங்களைக் கண்டு மகிழ்ந்ததையும், அவர் நடுவே மேனாட்டு உடை அணிவிக்கப்பட்டு வரிசையாய்ச் சென்ற மிசன் பாடசாலைச் சிறுமியரைக் கண்டு மனம் நொந்ததையும் தம் பயண நூலிற் பதிந்து சென்றார். தங்கிய காலத்தின் சிறுமை காட்சியைக் குறைத்துவிடவில்லை. தெருவை நேரே நோக்கிய கண் அவருக்கு இருந்தது.

நிற்க. ஒரு பகற் பொழுதில் ஒருவர் தம் காலால் நடந்து எதனைக் கண்டுவிட இயலும் என்று வினவுவார் உளர். அவர்க்கு விடையாகக் கொழும்பையே காட்டலாம். 1875 ஆம் ஆண்டில் இங்கே அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னரே, காலித் துறைக்குச் சென்றுகொண்டிருந்த நீராவிக் கப்பல்கள் படிப்படியாய்க் கொழும்பை நாடின. துறைமுக வாயிலைக் கடந்து கோட்டைப் பகுதிக்கு வந்தால், சதாம் வீதியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. 1857 இற் கட்டப்பெற்ற அஃது, 1867 தொடங்கி 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் பணி செய்தது. நாழிகையையும் திசையையும் ஒருங்கே காட்டிய கோபுரம் அது.

அங்கிருந்து கிழக்கே நடந்தாற் புறக்கோட்டை. அதன் முகப்பில், பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பத்தார் ஒருவரின் நினைவாக 1923 இல் எழுந்த கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணலாம். இரண்டாம் குறுக்குத் தெருவிலே, 1908 இல் தொடங்கி 1909 இல் நிறைவெய்திய ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், சிவப்பும் வெண்மையுமாய்க் கட்டிய செங்கல் வரிகளோடு பொலிகின்றது. மேலும் வடக்கே செல்ல, பொற்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவும் அங்குள்ள கதிரேசன் கோயில்களும் வரும். அருகே மேட்டின்மேல் ஒல்லாந்தர் 1749 இல் அடிக்கல் இட்டு 1757 இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். அப்பாற் கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும், 2019 ஆம் ஆண்டு ஏப்ரில் 21 ஆம் நாள் குண்டுவெடிப்பிற் குருதி சிந்திப் பின் மீண்டெழுந்த அந்தோனியார் திருத்தலமும் உள்ளன. இவ்வழி முழுதும் மூன்று நான்கு கிலோமீற்றர் அளவினதே. நூல்கள் பல கற்றும் எளிதில் விளங்காத இந்நாட்டு வரலாற்றின் பெரும்பகுதி இந்நடைவழியிற் கண்முன் நிற்கின்றது.

யான் உயர்தர வகுப்பு மாணவரை ஆண்டுக்கொரு முறை இவ்வழியே அழைத்துச் செல்வதுண்டு. ஒரு முறை, கப்பலிலிருந்து தனித்து இறங்கி வந்த முதியோர் இருவர், கணவனும் மனைவியும், கான் மணிக்கூட்டின் அருகே எம் மாணவன் ஒருவனை அணுகி, “இதனைக் கட்டியவர் யார்?” என்று ஆங்கிலத்தில் வினவினர். அவன் ஆங்கிலத்தில் உயர்ந்த புள்ளி பெற்றவன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவன். எனினும் வாய் திறவாது நின்றான். அப்பொழுது, புறக்கோட்டையில் நாட்டாமை என அழைக்கப்பெறும் சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர் தம் கைவண்டியை நிறுத்தினார். “கான் மணிக்கூடு. பம்பாய்ப் பார்சிக்காரர் கட்டினது” என்று தமிழிலும், கையாலும், தமக்குத் தெரிந்த ஓரிரு ஆங்கிலச் சொல்லாலும் விளக்கினார். முதியோர் இருவரும் முகமலர்ந்து கைகூப்பிச் சென்றனர். மாணவன் என்னிடம் வந்து, “ஐயா, அவர்கள் கேட்டது விளங்கியது. விடைதான் எனக்குத் தெரியாது” என்றான்.

அவன் கூறியதிற் பொய்யில்லை. அவனுக்கு மொழி இருந்தது, ஊர் இல்லை. நாட்டாமைக்கு ஊர் இருந்தது, மொழி அரைகுறையாயிருந்தது. ஊரறிவுடையாரிடம் வந்தவர் பெற்றுச் சென்றார். மொழியறிவு மாத்திரம் உடையாரிடம் பெறுவதற்கு ஒன்றும் இல்லாது போயிற்று. நாம் பாடசாலைகளில் உரோமாபுரியின் வீதிகளைக் கற்பிக்கின்றோம். பாடசாலை வாயிலில் உள்ள வீதிக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கற்பிக்கின்றோமில்லை. பயணிகள் ஊர் காணாது மீள்கின்றனர் என்று வருந்துமுன், ஊரிலிருக்கும் நம் பிள்ளைகள் ஊர் கண்டனரா என்று கேட்டல் நேரிது.

இனி, தனித்து இறங்கி நடக்க விழைவார் மனங்கொள வேண்டுவன சில உள. கப்பலிற் காட்டும் நேரமும் கரையின் நேரமும் வேறுபடுதல் கூடும். மீள வேண்டிய நேரத்தைக் கப்பலின் கடிகாரப்படியே குறித்துக்கொள்ளல் வேண்டும். கப்பற் கம்பனி ஒழுங்கு செய்த பஸ் வண்டி தாமதித்தாற் கப்பல் பெரும்பாலும் காத்து நிற்கும். தனித்துச் சென்றவர்க்காகக் காத்திராது. ஆகவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வைத்து மீளுதல் அறிவுடைமை. சுமையேற்றும் துறைமுகத்தின் உள்ளே நடக்க விடார். வாயில் வரை வண்டியிற் செல்ல நேரும். பெருங்கப்பல் தூரத்தே நங்கூரமிடும் துறைகளிற் சிறு படகிற் கரைசேர வேண்டியிருத்தலின், அதற்கும் பொழுது செல்லும். கோயில்கள் பல நண்பகலில் நடைசாத்தி மாலையிலேயே திறக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் பள்ளிவாசலிற் பெருந்தொழுகை நிகழும். போயா நாளிற் கடைகள் பல மூடியிருக்கும். முச்சக்கர வண்டியில் ஏறுமுன் மீற்றர் உண்டோ எனக் கேட்டு, இல்லையேற் கூலியைப் பேசிக்கொள்ளல் நன்று. இவையெல்லாம் கடினமானவை அல்ல. ஆயினும், இவற்றை வந்தவர்க்குச் சொல்லும் தாள் ஒன்று துறைமுக வாயிலிற் கிடைக்குமாயின் எத்துணை உதவியாயிருக்கும்!

பயணிகள் திரளாய் வந்து இறங்குவது ஊர்க்குத் தீங்கன்றோ என்பாரும் உளர். அவர் கூற்றைப் புறந்தள்ளல் ஆகாது. வெனிசு நகரின் நடுவேயுள்ள கால்வாய் வழியாகப் பெருங்கப்பல்கள் செல்வதை இத்தாலிய அரசு 2021 ஆம் ஆண்டு ஆகத்து முதலாம் நாள் தொடக்கம் தடைசெய்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே பொழுதில் ஒரே சதுக்கத்திற் குவிந்தால் எந்த ஊரும் மூச்சுத் திணறும். கூட்டத்தை ஓரிடத்திற் கொண்டுபோய்க் கொட்டுதலும், இருவர் மூவராய்ப் பல தெருக்களிற் பரவி நடக்கவிடுதலும் ஒன்றல்ல. பின்னையதிலே தேநீர்க்கடைக்காரர்க்கும் பழ வியாபாரிக்கும் முச்சக்கர வண்டி ஓட்டுநர்க்கும் சிறிது பொருள் சேரும். 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து அடிபட்ட நம் சிறு வணிகர்க்கு அச்சிறு பொருளும் பெரிதே. அதனினும் பெரிது, வந்தவரும் இருந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குதல்.

வடக்குக் கிழக்குத் துறைகளுக்கு இவ்வினா இன்னும் அண்மையது. 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டையோடு திருகோணமலையையும் காங்கேசன்துறையையும் தொட்டுச் சென்றது. திருகோணமலையில் இறங்குவார், மான்கள் திரியும் கோட்டையினூடே நடந்து, கடல்மேல் ஓங்கிய பாறையில் அமர்ந்த கோணேசர் ஆலயத்தை அடையலாம். காங்கேசன்துறையில் இறங்குவார்க்கு மாவிட்டபுரம் அண்மையிலுள்ளது. காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலின் இப்பெயர் வந்தது என்னும் மரபையும், கடலருகே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியையும் அவர்க்குச் சொல்லுவார் யார்? நாம் சொல்லாவிடின், ஊரறியாத ஒருவர் ஒலிவாங்கியிற் சொல்லுவதே எம் ஊரின் வரலாறாகிவிடும்.

காலியிலே 1911 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட கல்லொன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. சீனக் கடற்றலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. அதிற் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்ற, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் திருமாலாகிய தேனவரை நாயனாரைப் போற்ற, பாரசீகப் பகுதி இசுலாமியர் வணங்கும் இறைவனைப் போற்றுகின்றது. கடல்கடந்து வந்தவர், தாம் இறங்கும் துறையில் வழங்கும் மொழிகளிற் பேச அத்துணை முயன்றனர். இருந்து வரவேற்கும் நாம் அதனிற் குறைந்த முயற்சி செய்தல் தகுமோ?

துறைமுகப் பட்டினங்களிலுள்ள தமிழாசிரியர்களை யான் வேண்டுவது இதுவே. இவ்வாண்டு உயர்தர வகுப்பு மாணவரைக் கட்டுரைக்காக நூலகத்துக்கு அனுப்புமுன் தெருவுக்கு அனுப்புங்கள். துறைமுக வாயிலிலிருந்து நான்கு மணி நேரத்தில் நடந்து மீளக்கூடிய வழியொன்றை அவர்களே வகுக்கட்டும். தெருப் பெயரின் காரணத்தை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். கட்டிடங்களின் ஆண்டைக் கல்வெட்டில் நோக்கிச் சரிபார்க்கட்டும். நிழல் எங்குண்டு, குடிநீர் எங்குண்டு, கோயில் எப்பொழுது திறக்கும் என்பவற்றைக் குறிக்கட்டும். அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் அடக்கி அச்சிட்டு வாயிலில் வைப்பது நகர சபைகளுக்குப் பெருஞ்செலவன்று. சிங்கள மாணவரோடு சேர்ந்து இதனைச் செய்யும் பாடசாலை இரட்டைப் பயன் பெறும்.

அடுத்த கப்பல் வந்து அணையும்போது, படமொன்றைக் கையிற் பிடித்துத் தெருமுனையில் நிற்கும் அயலார் ஒருவர் நம் பிள்ளையை நோக்கி வினவுவார். அப்பொழுது அப்பிள்ளையிடம் மொழியும் இருத்தல் வேண்டும். ஊரும் இருத்தல் வேண்டும். அதற்காவன செய்வது ஆசிரியராகிய நம் கடன்.