மனந்திரும்பியவரின் கூலி பாக்கி

சினிமா பார்ப்பதில்லை. மது தொடுவதில்லை. நகை போடுவதில்லை. ஞாயிறு ஆராதனையைத் தவற விடுவதில்லை. இந்த நான்கும் இருந்துவிட்டால் சபையில் ஒருவர் 'பரிசுத்தவான்' என்று பெயர் எடுத்துவிடலாம். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தாலும் அந்தப் பெயருக்கு எந்தப் பங்கமும் வராது!

இது வேதாகமம் சொல்லும் பரிசுத்தம்தானா?

கடவுள் பரிசுத்தர், ஆகையால் அவருடைய மக்களும் பரிசுத்தராக இருக்க வேண்டும் என்ற கட்டளை லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. அதைத் தொடர்ந்து வருபவை என்ன? அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும். கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது. செவிடனைச் சபிக்கக் கூடாது. தராசும் படிக்கல்லும் நேர்மையாக இருக்க வேண்டும். உடை, தாடி பற்றிய விதிகளும் அதே அதிகாரத்தில் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு கூலியையும் தராசையும் தாண்டிப் போவது எந்த வகை வேத வாசிப்பு?

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'எல்லாம் கிருபை, இரத்தத்தால் கழுவப்பட்டாயிற்று, இனிப் பாவத்தைப் பற்றிப் பேசுவதே நியாயப்பிரமாணம்' என்பது அவர்கள் வாதம். கிருபை பெருகுவதற்காகப் பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியை ரோமர் 6-ல் பவுலே எழுப்புகிறார், கூடவே கூடாது என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை 1937-ல் வெளிவந்த தம் நூலில் 'மலிவான கிருபை' என்று சாடினார். ஹிட்லரை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். கிருபைக்காக அவர் கொடுத்த விலை அது.

மனந்திரும்புதல் என்ற தமிழ்ச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. திரும்புவது என்றால் போன வழியை விட்டுவிட்டு வருவது. கண்ணீர் அதற்குத் துணை நிற்கலாம், ஆனால் கண்ணீரே திரும்புதல் ஆகிவிடாது. லூக்கா 19-ல் வரும் சகேயு அழுததாக ஒரு வரிகூட இல்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் அவன் சொல்கிறான். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார்.

தமிழ்ச் சபைகளுக்கு இந்தச் சோதனை புதிதல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய மிஷன் சபைகளில் சாதி வேற்றுமையை முற்றிலும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் என்ன செய்தார்கள்? சாதியை விடவில்லை, சபையை விட்டு விலகினார்கள்! விக்கிரகத்தை விட்டு வந்தவர்களால் சாதியை விட முடியவில்லை. இன்றும் மாப்பிள்ளை தேடும் கிறிஸ்தவ விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் அச்சாகிறது. அதைப் பாவம் என்று சொல்லும் பிரசங்கம் எத்தனை பீடங்களிலிருந்து வருகிறது?

தனி மனிதப் பரிசுத்தம் வேண்டாம் என்பதல்ல வாதம். இச்சையோடும் பொய்யோடும் கோபத்தோடும் ஒருவன் தனியறையில் போராடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டம் உண்மையானதா என்பது அறைக்கு வெளியேதான் தெரியும். அறுவடை செய்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அந்தக் கூக்குரலை எத்தனை சத்தமான ஆராதனையாலும் அமுக்க முடியாது.

ஆகவே, பரிசுத்த வாழ்வைத் தொடங்க விரும்புகிறவர் அடுத்த உபவாசக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே, பொழுது சாய்வதற்குள், அந்தப் பெண்ணின் சம்பள பாக்கியைக் கொடுத்துவிட்டு ஜெபிக்கப் போகட்டும்.